யோகன் மாமா வாங்காத துவக்கு

செய்தி வந்தபோது நான் பள்ளியில் இரசாயனப் பாடத்தில் இருந்தேன். பாட நேரத்தில் அம்மா ஒருநாளும் அழைப்பதில்லை. இடைவேளையில் வெளியே போய்த் திருப்பி அழைத்தேன். "யோகன் மாமா போயிட்டார் பிள்ளை. காலமை வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நிண்டவராம். பஸ் தரிப்பு வாங்கில இருந்தபடியே போயிட்டாராம்," என்றார். "எந்த பஸ்?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவருடைய இறுதிச் சடங்குக்கு வந்திருந்தீர்கள். அங்கே பேசியவர்களில் ஒருவர், நாம் எல்லோரும் மதிக்கும் ஒருவர், "நல்ல மனுசன். ஆனால் கடைசிக் காலத்தில துவக்கு விசர் ஒண்டு பிடிச்சுப்போட்டுது," என்றார். துப்பாக்கிப் பைத்தியம் என்றதும் மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குப் பதினாறு வயது. பெரியவர்கள் பேசும் இடத்தில் எழுந்து மறுத்துப் பேச எனக்குப் பழக்கமில்லை. இந்த மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது அம்மா, "துவக்குக் கதையை விட்டிட்டு எழுது," என்றார். அதை விட்டுவிட்டு எழுத என்னிடம் எதுவும் இல்லை.

யோகன் மாமா இங்கே சுவிஸில், டாவோஸ் மலைநகரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தார். கோப்பை கழுவத் தொடங்கியவர், பிறகு இறைச்சி வெட்டும் பொறுப்புக்கு வந்தார். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் வேட்டைக்காரர்கள் சுட்ட மான்கள் அந்தச் சமையலறைக்கு வரும். தோலை உரிக்கும்போதே எந்த மான் எப்படிச் செத்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். "நெஞ்சில வெடி பட்டதெண்டால் இறைச்சி நல்லா இருக்கும். வயித்தில பட்டதெண்டால் மணக்கும். அந்த மணம் வந்தால் அது கனதூரம் ஓடிச் செத்திருக்கெண்டு அர்த்தம்," என்று ஒருநாள் சொன்னார். "இத்தனை வருஷமா மற்றவன் சுட்ட மானை வெட்டுறன். ஒருக்காலாவது நோகாமல் செத்த மான் ஒண்டை நானே கொண்டுவரவேணும்." நீங்கள் விசர் என்று சொன்னது இந்த ஆசையைத்தான்.

வேட்டைக்குப் போவதற்கு இங்கே சோதனை எழுதவேண்டும். தடித்த ஜெர்மன் புத்தகம் ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அப்போது பதினான்கு வயது. "டீச்சர், இதை எனக்குப் படிப்பிச்சு விடுங்கோ," என்றார். ஞாயிறுகளில் படித்தோம். மானின் பல் தேய்வைப் பார்த்து அதன் வயதைச் சொல்லும் பாடம் வந்தபோது, ஹோட்டலிலிருந்து ஒரு தாடை எலும்பைப் பையில் கொண்டுவந்து எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தார். அன்று வேலை விடுமுறை என்று வெள்ளிக்கிழமையில் வந்திருந்தார். அம்மா கத்திவிட்டார்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன யோகன் இது!"

"அக்கா, இது இறைச்சியில்லை. பாடப்புத்தகம்."

முதல் முறை சோதனையில் தவறினார். இரண்டாம் முறை தேறினார். அன்று அம்மா பாயசம் செய்தார்.

துவக்குத் தெரிவு செய்ய, கீழே பள்ளத்தாக்கில் இருந்த ஒரு கடைக்கு மூவர் போனோம். மாமா, நான், அவருடன் வேலை செய்த சுவிஸ் சமையற்காரர் ரெட்டோ. ரெட்டோ சிறுவயது முதலே வேட்டைக்குப் போகிறவர். ரயிலில் நான் ஆயுதச் சட்டத்தைப் பற்றிய விளக்கப் புத்தகத்தை வாசித்துக்கொண்டு போனேன். ஒரு முறைக்கு ஒரு குண்டு மட்டும் போடக்கூடிய வேட்டைத் துவக்கு வாங்க அனுமதிப்பத்திரம் தேவையில்லை, எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போதும் என்று அதில் இருந்தது. பெருமையோடு சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பாத்தியே, டீச்சர் வந்தால் எல்லாம் சுகம்," என்றார் மாமா. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

கடையில் அவருடைய கண் முதலில் ஒரு நீண்ட, பழைய மாதிரித் துவக்கில் விழுந்தது. வெடிமருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியாகப் போட்டு இடித்துச் சுடுவது. "ஐயோ, இது எங்கட இடியன்!" என்றார். "வன்னியில இதாலதான் மான் சுடுறவை. ஒரு வெடிதான். அது பிழைச்சால் திரும்ப மருந்து இடிக்கிறதுக்குள்ள மான் அடுத்த ஊருக்குப் போயிடும்." நான் அதை மொழிபெயர்த்தேன். ரெட்டோ விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் மாநிலமான இந்தக் கன்டோனில் அதைக்கொண்டு மான் சுட விடமாட்டார்கள், அதை வைத்துக்கொண்டு மலையில் நின்றால் மானுக்கு முதல் வேட்டைக் காவலர்தான் வருவார் என்றார். பிறகு மூன்று குண்டு போடக்கூடிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாமா வாங்கவில்லை. "ரெண்டாவது குண்டு இருக்கெண்டு தெரிஞ்சால் முதல் வெடியைக் கவனமில்லாமல் வைப்பன்," என்றார். குழலை மடித்து ஒரே ஒரு குண்டு போடும், ஒருவர் பாவித்த துவக்கை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்தார். கண்ணைத் திறந்தபோது குறி நேராக இருந்ததா என்று பார்த்தார். நான்கு ஐந்து முறை அப்படிச் செய்தார். "இதுதான்," என்றார்.

ஒப்பந்தம் எழுதக் கடைக்காரர் அடையாள அட்டை கேட்டார். மாமா தன்னுடைய நிரந்தர வதிவிட அட்டையான சி பெர்மிட்டைக் கொடுத்தார். கடைக்காரர் அதைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்தார். சில நாடுகளின் குடிமக்களுக்குத் துவக்கு விற்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இலங்கை இருந்தது. நான் வாசித்த விளக்கத்தின் அடுத்த பக்கத்திலேயே அது இருந்திருக்கிறது. கடைக்காரர் மரியாதையாகத்தான் மன்னிப்புக் கேட்டார். மரியாதையாகவே மாமாவின் கையிலிருந்து துவக்கை வாங்கித் தனக்குப் பின்னால் வைத்தார்.

நான் கத்தினேன். இவர் முப்பது வருடம் இங்கே இருக்கிறார், உங்கள் மொழியில் சோதனை எழுதித் தேறியவர் என்று ஜெர்மனில் கத்தினேன். மாமா என் தோளைத் தொட்டார். "கத்தாதை பிள்ளை. அந்தாள் எழுதின சட்டமில்லை." ரயிலில் நான் அழுதபோது, "நீ வாசிச்சது பிழையில்லை. அது மற்ற ஆக்களுக்கு எழுதினது," என்றார். வேலைக்காக இரண்டு முறை இடம் மாறியதால், குடியுரிமை கேட்பதற்கு வேண்டிய வருடங்கள் அவருக்கு இரண்டு முறையும் முதலிலிருந்து எண்ணப்பட்டன. அதற்கும் அவர் யாரையும் திட்டியதில்லை.

அன்று இரவே மிச்சப் பக்கங்களை எல்லாம் வாசித்தேன். வேட்டைக்காரருக்குக் கன்டோன் விதிவிலக்குக் கொடுக்கலாம் என்று இருந்தது. விண்ணப்பக் கடிதத்தை நான் எழுதினேன். அவர் நாட்டைவிட்டு வந்த கதையை இரண்டு பந்தியில் எழுதியிருந்தேன். வெட்டச் சொன்னார். "அழுகைக் கடிதம் வேண்டாம். மான் வெட்டுறவன், சோதினை பாஸ் பண்ணினவன். அவ்வளவும் காணும்." ரெட்டோ ஒரு நற்சான்றுக் கடிதம் தந்தார். எங்களுடைய ஆள் ஒருவரின் கடிதமும் வேண்டும் என்று மாமா பிடிவாதமாக நின்றார்.

இறுதிச் சடங்கில் பேசிய அந்த ஒருவரின் வீட்டுக்கு மாமாவோடு நானும் போயிருந்தேன். தேநீர் தந்தார். "தம்பி, துவக்கு விஷயத்தில என்ர பேர் வரக்கூடாது. நாளைக்கு ஏதும் நடந்தால் பொலிஸ் என்ர கதவைத்தான் தட்டும்," என்றார். வேறு இரண்டு வீடுகளிலும் அதையே சொன்னார்கள். பயம் எனக்கு விளங்குகிறது. எங்கள் வீட்டிலும் கதவு பலமாகத் தட்டப்பட்டால் அப்பா எழுந்து நிற்பார். ஆனால் பயந்து கையெழுத்து வைக்காதவர், அந்த மனிதரின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று அவரைப் பகிடி பண்ணியது எனக்கு விளங்கவில்லை. அவருடைய பெயரை நான் எழுதவில்லை. அவருக்குத் தெரியும்.

"எங்கட ஆக்களே நம்பாட்டி அவங்கள் ஏன் நம்பவேணும்? அடுத்த வருஷம் பாப்பம்," என்று மாமா கடிதத்தை மடித்து வைத்தார். ரெட்டோவின் கடிதத்தோடு மட்டும் நான் அதை அனுப்பியிருக்கலாம். பெரியவர் சொன்னதைக் கேட்டு நடந்தேன். அந்தக் கீழ்ப்படிவை நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அந்தச் செப்டெம்பரில் மாமா துவக்கில்லாமல், ரெட்டோவுக்குத் துணையாக மலைக்குப் போனார். ரெட்டோவின் வெடி பிசகி ஒரு பெண்மானின் வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. இருவரும் ஓர் ஓடையின் இரு கரையாலும் பிரிந்து தேடினார்கள். கண்டுபிடித்தது மாமாதான். தொலைபேசியில் கூப்பிட்டார். ரெட்டோ சுற்றி வர நாற்பது நிமிடம் ஆனது.

அடுத்த ஞாயிறு எங்கள் மேசையில் இருந்து அதைச் சொன்னார். "பத்து மீற்றரில கிடக்குது பிள்ளை. எங்க சுடவேணுமெண்டு எனக்குத் தெரியும். சோதினையில சரியாச் சொன்னனான். கத்தியோட கிட்டப் போனால் எழும்பி ஓடும், இன்னும் நொந்து சாகும். கையில ஒண்டுமில்லை. கதைச்சுக்கொண்டு இருந்தன்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"மன்னிச்சுக்கொள் எண்டுதான். வேற என்னத்தைக் கதைக்கிறது?"

அந்த மான் நாற்பது நிமிடம் துடித்தது. சுடத் தெரிந்த ஒருவர், சுட உரிமையில்லாமல், அதன் பக்கத்தில் இருந்தார். ஒரு பட்டியலும் மூன்று வீட்டுத் தேநீரும் என்னுடைய கீழ்ப்படிவும் சேர்ந்து அவரை அப்படி இருத்தின. அதைச் சொன்னபோது அவருடைய குரல் ஒரு தரமேனும் உயரவில்லை. தன் கோபத்தை யாரிடமும் காட்டாமலேயே போய்விட்டார். அதை நான் எடுத்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான். யார் கேட்டாலும் ஆறவிட மாட்டேன்.