பனிமலையில் இரண்டு ரக்அத்

மொன்றியலில் டிசம்பர் மாதத்துச் சூரியன், வேலைக்குப் பிந்தி வந்து முந்திப் போகிற ஆள். காலை ஏழரைக்குத்தான் எட்டிப் பார்க்கும். பின்னேரம் நாலேகாலுக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடும். எங்கள் சுப்பர்வைசர் என்றால் இப்படியான ஆளை எப்பவோ நிற்பாட்டியிருப்பார். ஐந்து நேரத் தொழுகையும் சூரியனைப் பார்த்தே நடப்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த மாதம் முழுக்க ஓட்டம்தான். மத்தியானம் லுஹர் தொழுது விரிப்பை மடித்து, ஒரு அலுவல் பார்த்து நிமிர அஸர் வந்துவிடும். அதைத் தொழுது தேத்தண்ணி குடித்துக் கோப்பையைக் கழுவ மஃரிப். நான் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். பதினைந்து நிமிட பிரேக்கில், வெறும் பெட்டிகள் அடுக்கியிருக்கும் மூலையில் தொழுவேன். தொழுது முடிந்த பிறகும், சரியாகத் தொழுதேனா என்று யோசித்துக்கொண்டே நிற்பேன். அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, மகள் மெற்றோவிலிருந்து இறங்கிவிட்டாளா என்று ஒவ்வொன்றையும் இரண்டுதரம் பார்க்கிற பிறவி நான்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் கடைசிக் கிழமை, நானும் மனைவி ரிஸ்வானாவும் மொன்றியலுக்கு வடக்கே, பனிச்சறுக்கு விளையாடும் ஒரு மலை ஊருக்கு விடுமுறைக்குப் போனோம். இப்படி எழுதப் பெருமையாகத்தான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, வாப்பாவின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்தவன் பனிமலைக்கு விடுமுறை போனான் என்றால் யார் நம்புவார்கள்? என்னோடு வேலை செய்யும் மன்னார் அந்தோனி அண்ணையும் நம்பவில்லை.

"எல்லாரும் குளிருக்குப் பயந்து கியூபாவுக்கு ஓடுறாங்கள். நீர் இருக்கிற குளிர் காணாதெண்டு இன்னும் வடக்கை போறீர். மூளைக்குள்ள ஐஸ் பிடிச்சிட்டுதோ?"

ஆனாலும் அவருடைய நத்தார் வேலையை நான் செய்ய, என்னுடைய ஹஜ்ஜுப் பெருநாள் வேலையை அவர் ஏற்றுக்கொண்டார். அந்த வருடம் பெருநாள் டிசம்பர் முப்பத்தோராம் திகதி வந்தது. அவருக்கும் நான் முழுக்கச் சொல்லவில்லை. நான் போனது விடுமுறைக்கு அல்ல, மகளைத் திருப்பிக் கூட்டிவர.

சுமையா எங்கள் ஒரே பிள்ளை. பத்தொன்பது வயது. செஜெப் என்று இங்கே சொல்லும் கல்லூரியை முடித்து, ஜனவரியில் பல்கலைக்கழகம் தொடங்க இருந்தாள். நான் எட்டாம் வகுப்பில் இறக்கி வைத்ததை அவள் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு. நவம்பர் கடைசியில், அந்த மலை ஊரில் சறுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் வேலை கிடைத்திருக்கிறது, வகுப்புத் தொடங்க வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாள். மூன்றாம் கிழமை ரெலிபோனில் சொன்னாள்: "வாப்பா, நான் ஜனவரிக்கு வரேல்லை. இஞ்சயே நிக்கப் போறன்." எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். தெரியாது என்றாள்.

அந்த வருடம் பனி பிந்தியிருந்தது. டிசம்பர் நடுவிலும் எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் தெருக்களில் புல் தெரிந்தது. தொலைக்காட்சியில் மலை ஊர்க்காரர்கள் அழாக்குறையாகப் பேசினார்கள். பனி இல்லாவிட்டால் கடை பூட்டுவார்கள், கடை பூட்டினால் பிள்ளை வீட்டுக்கு வருவாள் என்று நான் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையை ஏந்தி, "யா அல்லாஹ், அங்கே பனி பெய்ய வேண்டாம்" என்று கேட்டேன். ஊர் முழுதும் பனிக்கு ஏங்கிக்கொண்டிருக்க, எதிராக துஆக் கேட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். மலைக்காரர்களோ இயந்திரத்தால் பனி செய்து சரிவில் பூசிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். லவாலைத் தாண்டியதும் தெரு இரண்டு பக்கமும் காடாகிவிட்டது. ரயர் பிடிக்குமா, பெற்றோல் காணுமா, பொலிஸ் மறித்துப் பெயரைக் கேட்டால் முகம் எப்படி மாறும் என்று நான் பயந்துகொண்டே ஓட்டினேன். பின் சீற்றில் சோறு, ஹலால் கோழிக்கறி, வட்டிலப்பம், கால் கழுவப் போத்தல் ஒன்று. இனிப் போகிற எங்கள் ஆட்களுக்கும் சொல்கிறேன்: சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள். அங்கே அவித்த பயற்றங்காய்க்குள்ளும் பன்றி இறைச்சி இருக்கும். சூடான சொக்லேற்றில் மிதக்கிற வெள்ளை மிட்டாயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், அதிலும் பன்றித் தோலில் எடுத்த பசை இருக்கும்.

ஹோட்டல் வரவேற்பில் நின்ற பிள்ளையிடம் வடகிழக்கு எந்தப் பக்கம் என்று என்னுடைய உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். தொழும்போது மக்காவை நோக்கி முகம் திருப்பும் கிப்லா இங்கிருந்து அந்தத் திசை. அவள் சிரித்தபடி மலையின் படத்தை விரித்து, தொடக்கக்காரர் சறுக்கும் பச்சைப் பாதையைக் காட்டினாள். "இல்லை, தொழுவதற்கு" என்று கையைக் கட்டிக் காட்டினேன். ஓ, ஓ என்று உள்ளே ஓடிப்போய் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். மலையடிவாரத்துச் சிறிய தேவாலயத்தின் பூசை நேரங்கள். முகத்தில் அவ்வளவு அன்பு. "மெர்சி" என்று வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

அறையில் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுதோம். எங்கள் வழமை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நின்று, குனிந்து, நெற்றியை நிலத்தில் வைத்து எழும்புகிற ஒரு சுற்றுத்தான் ரக்அத். லுஹருக்கு நாலு. ஊரை விட்டுத் தூரம் போன பயணி அதை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். போன இடத்தில் நாலு நாள் தங்குவதென்று நினைத்துவிட்டால் அவர் பயணி இல்லை, அந்த இடத்தவர். நாலும் தொழவேண்டும். இன்றைக்கோ நாளைக்கோ திரும்பிவிடுவேன் என்று காத்திருப்பவருக்கு மட்டும் பதினெட்டு நாள்வரை சலுகை உண்டு.

அந்தப் பதினெட்டு நாள் எனக்கு நன்றாகத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் துவக்கோடு வந்த இயக்கக்காரர். மூன்று வயதுச் சுமையாவைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது வாப்பா ஒவ்வொரு நாளும் இரண்டு இரண்டாகத்தான் தொழுதார். "நாங்கள் பயணி மகன், நாளைக்குப் போயிடுவம்" என்பார். பத்தொன்பதாம் நாள் லுஹருக்கு நின்றார். இரண்டில், தொழுகையை முடிக்கும் சலாமைக் கொடுக்கவில்லை. எழும்பி மற்ற இரண்டையும் தொழுதார். அன்று பின்னேரம் உம்மா அடுப்புக்குக் கல் தேடிப் போனா.

வெள்ளி பின்னேரமே கடைக்குப் போய் மகளைப் பார்த்தோம். சறுக்குகிறவர்கள் போடும் சப்பாத்து இரும்புப் பெட்டி மாதிரி. அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக நடக்க முடியாது. தலையில் முக்காடும் கழுத்தில் பெயர் அட்டையுமாகச் சுமையா முழங்காலில் இருந்து, ஒரு பெரிய மனிதரின் காலை அதற்குள் தள்ளிக் கொளுவிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை பிறத்தியாரின் காலைப் பிடிப்பதைப் பார்க்க மாட்டாமல் நான் சுவரில் தொங்கிய விலைப்பட்டியலைப் படித்தேன். அவளோ அந்த மனிதருக்குப் பிரெஞ்சில் ஏதோ பகிடி சொல்ல அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் அவள் அப்படிப் பகிடி விட்டு நான் கேட்டதில்லை. "ஞாயிறு பெருநாள். மத்தியானம் ஒரு மணித்தியாலம் கேட்டிருக்கிறன், வாறன்" என்றாள்.

பெருநாள் காலை திரையை விலக்கினால் பனி. உண்மையான பனி, பஞ்சு பிய்த்துப் போட்டதுபோல. கீழே ஆட்கள் கைதட்டினார்கள். ஹெல்மெற்றுக்குக் கீழே முக்காடு தெரிந்த ஒரு அல்ஜீரியக் குடும்பம் எங்களைக் கண்டு "ஈத் முபாரக்" என்று கத்திக்கொண்டே மலைக்கு ஓடியது. நான் ஜன்னலடியில் நின்றேன்.

"இப்பிடி முகத்தைத் தூக்கி வைச்சிருந்தா பனி நிண்டிடுமோ?" என்றா ரிஸ்வானா.

சுமையா பன்னிரண்டரைக்கு வந்தாள், தோளெல்லாம் பனி. வாசலில் சப்பாத்தைக் கழற்றியவளின் கண் அங்கிருந்த பையில் விழுந்தது. கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், ஆளுக்கொரு சோடி உடுப்பு. தொண்ணூறிலிருந்து எந்த வீட்டிலும் வாசலோடு அப்படியொரு பை வைத்திருக்கிறேன்.

"இதையும் கொண்டு வந்தனிங்களோ? மூண்டு நாளைக்கு?"

"வீடு எரிஞ்சா?"

"ஹோட்டல் எரிஞ்சா?"

"அதுக்குத்தானே கதவடியில வைச்சிருக்கிறன்."

தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிட்டோம். வட்டிலப்பத்தை வழித்துத் தின்றாள். அப்போதுதான் சொன்னேன்: "வகுப்புத் தொடங்க இன்னும் நாள் கிடக்கு. நாளைக்கு எங்களோட வா, மகள்."

அவள் கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, இஞ்ச என்ர உடுப்பெல்லாம் அலுமாரிக்குள்ள கிடக்கு. வீட்டில பத்து வருசமா சூட்கேசுக்குள்ளயிருந்துதான் எடுத்து உடுத்தினன். சுவரில ஒரு ஆணி அடிக்க விட்டனிங்களோ? என்னைத் தோளில தூக்கிக்கொண்டு நடந்தனிங்கள், சரி. இன்னும் இறக்கேல்லை வாப்பா."

"பயத்திலதானே பிள்ளை..."

"தெரியும்." மணிக்கூட்டைப் பார்த்தாள். "தொழுவம் வாங்கோ, எனக்கு நேரம் போகுது."

அவள் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் முன்னால் நின்றேன், அவர்கள் இருவரும் பின்னால். ஜன்னல் முழுக்கப் பனி விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது ரக்அத்தில் உட்கார்ந்து, ஓதி, வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்பிச் சலாம் கொடுத்தேன். ரிஸ்வானாவும் சலாம் கொடுக்கும் சத்தம் கேட்டது. அடுத்ததாக, மெல்லிய குரலில் ஒரு "அல்லாஹு அக்பர்". உடுப்புச் சரசரத்தது. பெயர் அட்டை எதிலோ தட்டுப்பட்டது. சுமையா எழும்பிவிட்டாள்.

பிள்ளைக்குச் சட்டம் மறந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். மறக்கவில்லை. சனிக்கிழமை மதரஸாவில் படித்து, எனக்கே அதை விளங்கப்படுத்தியவள் அவள். பயணிக்குப் பின்னால் அந்த ஊர்க்காரர் தொழுதால், பயணி இரண்டில் முடித்துவிடுவார். ஊர்க்காரர் எழும்பி மற்ற இரண்டையும் தனியாகத் தொழவேண்டும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் குனிவதையும் நிமிர்வதையும் நெற்றி வைப்பதையும் காதால் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன். அவ்வளவு நிதானமாக அவள் தொழுது நான் அறியேன். ரிஸ்வானா மூக்கை உறிஞ்சினா.

முடித்ததும் ஓடிப்போய்ச் சப்பாத்தை மாட்டினாள். "மகள்" என்றேன்.

"என்ன வாப்பா?"

"ஒண்டுமில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு போ."

திங்கட்கிழமை நாங்கள் இருவருமாகத் திரும்பினோம். பனி தொடர்ந்து பெய்தது. வைப்பர் வழித்துக்கொண்டே வந்தது. ஒரு மாதமாக அங்கே நிற்பவள் நாலு தொழுதது வெறும் சட்டம், அதில் வேறொன்றும் இல்லை என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். லவால் பாலத்தடியில் ரிஸ்வானா மட்டும் ஒன்று சொன்னா: "அவளின்ர சாமானையெல்லாம் ஆராவது அங்கை போகேக்க குடுத்துவிடுவம்."

இப்போது ஜனவரி முடியப்போகிறது. பல்கலைக்கழகத்தில் அவளுடைய இடம் போய்விட்டது என்று கடிதம் வந்தது. கட்டிலுக்குக் கீழே அவளுடைய சூட்கேஸ் கிடந்த இடம் தூசியில்லாத சதுரமாகத் தெரிகிறது. இது என் வீடு, நான் பயணி இல்லை, லுஹருக்கு நாலு ரக்அத் தொழவேண்டியவன். நிற்கிறேன், குனிகிறேன், நெற்றி வைக்கிறேன். இரண்டாவது ரக்அத்தில் உட்காரும்போதுதான் வருகிறது. கை முழங்காலில் இருக்கிறது. சலாம் கொடுப்பதா, எழும்புவதா என்று ஒரு கணம் உடம்புக்குத் தெரிவதில்லை. கண்ணின் ஓரத்தில் வாசலடிப் பை தெரிகிறது. பின்னால் ரிஸ்வானா என் சத்தத்துக்காகக் காத்திருக்கிறா. நான் உட்கார்ந்தபடியே இருக்கிறேன்.