விரதத்தில் இளைத்தவன்

தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருந்தேன். என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். அவ்வளவு இளைத்துப்போயிருந்தேன்.

நான் மொரீஷியஸ் தீவில், கியூர்பிப் என்ற ஊரில் தமிழ் வாத்தியார். கும்பகோணம் பக்கத்திலிருந்து மனைவியோடு வந்தவன். திரும்பிய பக்கமெல்லாம் ஸ்வெட்டர் ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த எண்பதுகள் அவை. என்னிடம் அ, ஆ படித்த பெண்கள் மறு வருஷமே ஆலை பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார்கள். அந்த ஊர்த் தமிழர்கள் வீட்டில் பேசுவது பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழிதான். ஆனால் விரதம் என்று வந்துவிட்டால் நம்மூர்க்காரனைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். மீன், மாமிசம் கிடையாது, மது கிடையாது, ஒரே வேளைச் சாப்பாடு. தமிழ் வாத்தியாராக இருந்துகொண்டு நான் மட்டும் நழுவ முடியுமா?

அதிசயம் என்னவென்றால், விரதம் எனக்குக் கஷ்டமாகவே இல்லை. பசியே எடுக்கவில்லை. காலை இட்லி கொஞ்சம் தாமதமானாலும் வீட்டை இரண்டாக்குகிற ஆள் நான். பரவாயில்லையே, நமக்கும் பக்தி வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரே கர்வம். கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிற பக்கத்து வீட்டுக்காரர், தொளதொளவென்று தொங்கிய என் கால்சட்டையைத் தன் பிள்ளைகளுக்குக் காட்டி, விரதம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கிரியோலில் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக நின்றேன். அத்தனையும் நடிப்பு.

காவடி முடிந்து கோயிலில் வாழையிலைச் சாப்பாடு. ஏழு வகைக் காய்கறி பரிமாறாவிட்டால் அங்கே அது விருந்தே இல்லை. எனக்கோ நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. விரதத்தில் வயிறு சுருங்கியிருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். விரதத்தை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்றிருக்கிறேன் என்று நான் பெரிய மகான் மாதிரி சொன்னேன். மனைவி மட்டும் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வடை தொடாமல் கிடந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள். "நீங்க பக்திமானும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உடம்புக்கு என்னமோ ஆயிருக்கு. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

போனோம். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்து, சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். வயிற்றில் புற்றுநோய். ஆனால் வழக்கமாக வயிற்றில் வருகிற ரகம் இல்லை. ஹார்மோன் சுரக்கிற உயிரணுக்கள், பாதி நரம்பு அணுக்களின் குணம் கொண்டவை, வயிற்றுச் சுவரில் அங்கங்கே இருக்குமாம். அவற்றில் பிறந்தது இது. ரொம்ப அபூர்வம், ரொம்ப வேகம். நுரையீரலில் வருகிற ஒரு பொல்லாத ரகத்துக்குப் பங்காளி. தானே அதைப் புத்தகத்தில்தான் படித்திருப்பதாகச் சொன்னார். நான் எதிலும் முதலாவதாக வந்ததில்லை டாக்டர், இதிலாவது வந்தேனே என்றேன். அவர் பாவம், சிரித்து வைத்தார். மனைவி சிரிக்கவில்லை.

வயிற்றை முழுசாக எடுத்துவிட்டு, குடலை இழுத்து உணவுக்குழாயோடு தைத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் சொட்டுச்சொட்டாக மருந்து ஏற்றினார்கள். குமட்டல் உயிரை எடுத்தது. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், வேண்டுதல் மொட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் 'முருகா, முருகா' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குத் தடுமாறாமல் வந்த தமிழ் அதுதான்.

வயிறு இல்லாதவன் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மனைவி என் பின்னாலேயே டப்பாவோடு அலைந்தாள். பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்கும் வந்தாள். எனக்குக் கல்யாணமே இப்போதுதான் ஆன மாதிரி இருக்கிறது என்று அங்கேயும் ஒரு ஜோக் அடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மருந்து முடிந்து டாக்டரைப் பார்க்கப் போனோம். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார். ஆனால் இந்த ரகம் சொல்லிக்கொண்டு வராது, திரும்பி வந்தால் சீக்கிரமே வந்துவிடும், அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். வெளியே வந்தால் கியூர்பிப்பின் வழக்கமான மழை. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் ஒதுங்கி உட்கார்ந்தோம். நான் சும்மா இருப்பேனா? வேடிக்கையாக என்னவோ சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஜோக் அடிக்கிறப்பல்லாம் நான் ஒருத்தியே பயப்பட வேண்டியிருக்கு."

நோயின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து யாரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவள் என் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் எங்களைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிப் போனார். நாங்கள் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம்.