அசைக்கு ஒரு வெட்டு

அழகு நிலையம் வைத்திருந்த அவளை எல்லோரும் கத்தரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷனுக்கு வெளிநாட்டில் ஓட்டல் வேலை. அவனிடம் போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்குப் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். முதல் தடவை வார்த்தைகளை ஒரே மடக்கில் விழுங்கிக் கோட்டை விட்டாள். இந்தத் தடவையும் விட்டால் இன்னும் ஒரு வருஷம் அவன் முகத்தைப் போனில்தான் பார்க்கவேண்டும். நினைத்தாலே அவளுக்கு அழுகை முட்டியது.

"வார்த்தையைத் துண்டு துண்டா வெட்டிச் சொல்லுங்க. கடைசி எழுத்தை முக்கால்வாசி நேரம் வெளியே விடாதீங்க" என்றார் பிரெஞ்சு வாத்தியார். வெட்டுவதா? அதுதானே அவள் பிழைப்பு. அன்றிலிருந்து முடி வெட்டும்போதே படிப்பும் நடந்தது. அசைக்கு ஒரு வெட்டு. ஊமை எழுத்து வந்தால் கத்தரி வாயைத் திறக்கும், மூடாது.

மாட்டிக்கொண்டவர்கள் வாடிக்கைக்காரிகள்தான். பக்கத்துத் தையல் கடைக்காரி, நேரம் காலம் தெரியாமல், சர்வதேசமயமாக்கல் பாடத்தன்று வந்து உட்கார்ந்தாள்.

"அன்-தெர்-நா-சியோ-நா-லி-ஸா-சியோன்."

எட்டு வெட்டு. தோளில் கிடந்த முடி காதுக்கு ஏறிவிட்டது.

"நுனியை மட்டும்தானே வெட்டச் சொன்னேன் அக்கா?"

"பாதியில நிறுத்தினா உச்சரிப்பு கெட்டுப்போயிடும்டி."

அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாம், "இன்னைக்கு எத்தனை அசை?" என்று கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

தேர்வு நாளன்று வாசல் காவலர் அவள் பையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே, இடுப்பைத் தாண்டிய பின்னலோடு தேர்வு நடத்தும் அம்மா. முதல் வார்த்தையிலேயே கத்தரியக்காவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. போச்சு, இன்னும் ஒரு வருஷம் என்று நினைத்தாள். அப்போது மேஜைக்கு மேலே அவள் இரண்டு விரல்கள் தாமாகவே காற்றை வெட்டத் தொடங்கின. வார்த்தைகள் பிசிறில்லாமல் விழுந்தன.

விரலுக்கு என்ன என்று அந்த அம்மா பிரெஞ்சில் கேட்டார். தையல் கடைக்காரியின் முடி போன கதை முழுவதையும் கத்தரியக்கா பிரெஞ்சிலேயே வெட்டி வெட்டிச் சொன்னாள். கேட்டுக்கொண்டே அவர் முன்னால் கிடந்த பின்னலை மெல்ல எடுத்து முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டார்.

தேறிவிட்டாள். புருஷனிடம் கிளம்பும் வாரத்தில் கடைக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பின்னல் வந்தது.

"நுனி மட்டும் போதும். ஒரே அசை உள்ள வார்த்தையா பார்த்துச் சொல்லுங்க."

கத்தரியக்கா யோசிக்கவே இல்லை. டிக்கெட் போடட்டுமா என்று முந்தின நாள் புருஷன் போனில் கேட்டபோது, 'ஆமாம்' என்பதைப் பிரெஞ்சில் சொல்லியிருந்தாள். அதையே திரும்பச் சொன்னாள்.

"வுய்."

கத்தரி ஒரே தடவைதான் மூடியது.