கடைப் பையில் ஏழு புள்ளிகள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நீங்கள் பெங்களூரில் இருந்திருந்தால் அந்தப் பையைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை பிளாஸ்டிக் பை, நடுவில் ஏழு ஆரஞ்சுப் புள்ளிகள், கீழே சின்ன எழுத்தில் கடையின் பெயர். சிவாஜிநகர் பக்கம் இருந்த ஒரு குழந்தைத் துணிக்கடைக்காக நான் வரைந்த லோகோ அது. பை கெட்டியாக இருக்கும் என்பதால் யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். அதில் தக்காளி வாங்கினார்கள், டிபன் பாக்ஸ் கொண்டுபோனார்கள், மழை வந்தால் ஸ்கூட்டர் சீட்டின்மேல் மாட்டினார்கள்.

டிசைன் கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டால் பிள்ளைகள் தவறாமல் ஒன்று கேட்பார்கள். "மேடம், இன்ஸ்பிரேஷன் எங்கேர்ந்து எடுக்கறீங்க?" எனக்கு எரிச்சல்தான் வரும். நந்தி மலைமேல் ஏறி நின்றால் மேகத்தோடு சேர்ந்து அதுவும் வந்து முகத்தில் மோதும் என்று நினைக்கிறார்களோ என்னவோ. நல்ல மனநிலையில் இருந்தால் உண்மையைச் சொல்வேன். லாரியின் பின்பக்கம், மார்க்கெட்டில் சாத்துக்குடி அடுக்கியிருக்கும் விதம், காலையில் ஃபோன் பண்ணி மாலைக்குள் வேண்டும் என்று உயிரை வாங்கும் வாடிக்கையாளர். அந்த ஏழு புள்ளிகளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "சட்டை பட்டன்பா" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போய்விடுவேன். அவை பட்டன்கள் அல்ல.

அந்த வேலை வந்தபோது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பிரேசர் டவுனில் ஒரு மாடி வீட்டில் நான், என் கணவர், அவருடைய அம்மாவான அத்தை மூவரும் குடியிருந்தோம். வீட்டிலேயே மேஜை போட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். குழந்தைத் துணிக்கடை என்றதும் எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. வாத்து வரைந்தேன், கிலுகிலுப்பை வரைந்தேன், தொப்பி போட்ட நிலாவைக்கூட வரைந்தேன். வரைந்ததைப் பார்த்து எனக்கே வாந்தி வந்தது, அதை மசக்கையின் தலையில் போட முடியாத மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்தேன். சாப்பிட்டால் போதும், உள்ளே ஆட்டம் ஆரம்பித்துவிடும். கையில் கிடைத்ததன் மேலெல்லாம் டிரேசிங் ஷீட்டை விரித்துப் படியெடுக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கு அதை வயிற்றின்மேல் விரித்தேன். உதை விழுந்த இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். விலாவுக்குக் கீழே மூன்று நெருக்கமாக, இடது பக்கம் இரண்டு, தொப்புளுக்குக் கீழே ஒன்று, எல்லாவற்றையும் விட்டு விலகித் தனியாக ஒன்று. பிறகு தூங்கிவிட்டான் போலிருக்கிறது.

என் கணவர் நாளிதழை இறக்கிவிட்டுப் பார்த்தார். "புள்ளைக்கு இப்பவே வேலை குடுத்துட்டியா? சம்பளம் யாரு தருவா?" என்றார்.

"வெளிய வந்ததும் உங்ககிட்டத்தான் கேப்பான், பாருங்க" என்றேன்.

ஷீட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த மனுஷரும் உட்கார்ந்து யோசித்து அப்படிப் புள்ளி வைக்க முடியாது. அந்தத் தனிப் புள்ளியை நகர்த்தினால் மொத்தமும் செத்துவிடும். கடைக்காரர் இங்கேயே மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழர், தாராளமான மனுஷர். பார்த்தவுடனே, "பட்டன் உருண்டு ஓடுற மாதிரி இருக்கேம்மா! சக்கத்தா, பிரமாதமா வந்திருக்கு" என்றார். நான் மறுக்கவில்லை. பட்டன் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

பை அச்சுக்குப் போயிருந்த சமயத்தில் வயிற்றுக்குள் அசைவு நின்றது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தேன், ஒன்றும் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் காத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தவர் என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும் பெற்றுத்தானே ஆக வேண்டும். பெற்றேன். "பையன்" என்று யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

தலையைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. கதவருகே அத்தையின் குரல் கேட்டது. "காட்டாதீங்க சிஸ்டர். பாத்துட்டா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா. சின்னப் பொண்ணு, அடுத்தது பெத்துக்கணும்." அத்தை கெட்டவர் இல்லை. அந்த நாளில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்தார்கள், தாய்க்குக் காட்டுவதில்லை. எனக்கு ஊசி போட்டார்கள். நான் கண் விழித்தபோது என் கணவரும் அவருடைய தம்பியும் அவனை ஆட்டோவில் எடுத்துக்கொண்டு போய் அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். அவர் தலை ஈரமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பால் கட்டிக்கொண்டது. மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் வற்றிவிடும் என்று அத்தை சரம் சரமாக வாங்கி மார்பில் வைத்துக் கட்டினார். அறை முழுவதும் கல்யாண வீடு போல மணந்தது. அதற்குப் பிறகு நான் தலையில் மல்லிகை வைத்ததே இல்லை.

அந்த வாரம்தான் கடையிலிருந்து ஒரு ஆள் வந்தார். முதலாளிக்கு விஷயம் தெரியாது. புதுப் பை வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், பிறந்த குழந்தைக்கான துணி ஒரு செட்டைப் போட்டு அனுப்பியிருந்தார். அத்தை வாசலிலேயே விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார். நான் கட்டிலில் இருந்தபடி பார்த்தேன். அந்த ஆளின் கையில் பை ஆடிக்கொண்டே படியிறங்கியது. அச்சு பிசிறில்லாமல் வந்திருந்தது.

முதல் வருடம் அந்தப் பையைக் கண்டாலே எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அப்புறம் எப்போது மாறினேன் என்று தெரியவில்லை, தேட ஆரம்பித்தேன். ஈஜிபுராவில் ஒரு பெண் அதில் கீரை வாங்கிக்கொண்டு போனாள், நான் போக வேண்டிய வழியை விட்டுவிட்டு அவள் பின்னாலேயே நடந்தேன். பஸ்ஸில் ஒரு பெரியவர் அதை மடியில் வைத்திருந்தால் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். ஊர் சுற்றுகிறான் தடியன், ஒருநாளாவது வீடு தங்குகிறானா என்று மனசுக்குள் திட்டுவேன். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். அடுத்த குழந்தை எங்களுக்குப் பிறக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் என்னை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் அவனைப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. சுமந்தவள் நான், முகம் அவருக்கு. சில நாள் அவர் சும்மா காபி குடித்துக்கொண்டிருப்பார். அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும், ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுவேன். அவராகவே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பாடப் புத்தகங்களுக்குப் படம் போடும்போது என் கை குழந்தைகளைப் பின்பக்கமாகவே வரைந்தது. "மூஞ்சி எங்க மேடம்? எல்லாமே முதுகு காட்டிட்டு நிக்குதே" என்று பதிப்பகத்தில் கேட்பார்கள். வரையத் தெரியாமல் இல்லை. எந்த முகத்தை வரைந்தாலும் அது வேறு யாருடைய பிள்ளையாகவோ இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கடைக்காரர் ஒதுங்கிக்கொண்டார், கடை அவர் மகன் கைக்கு வந்தது. வைட்ஃபீல்டில் கிளை திறக்கப் போவதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டான். "அந்த டாட்ஸ் எல்லாம் ஓல்டாயிடுச்சு மேடம். அங்க க்ரவுட் வேற. ஃப்ரெஷ்ஷா ஒண்ணு பண்ணிக் குடுங்க, பலூன் மாதிரி ஏதாவது."

"புள்ளிய எடுக்காதீங்க. கலர் வேணா மாத்தித் தரேன்" என்றேன்.

"சும்னே ஏன் மேடம் அதையே பிடிச்சிட்டிருக்கீங்க? பட்டன்தானே?"

நான் எழுந்து வந்துவிட்டேன். சொல்லியிருந்தால் கேட்டிருப்பானோ என்னவோ, சொல்ல வாய் வரவில்லை. வேறு யாரோ பலூன் வரைந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் பழைய பைகள் கிழிந்து, ஒவ்வொன்றாகக் கண்ணில் படாமல் போயின. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. இனி இந்த ஊரில் அவனுடையது என்று ஒன்றும் இருக்காது.

அத்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவன் முகத்தைப் பற்றி நான் கேட்க மிச்சமிருந்தது என் கணவர்தான். ஒரு சனிக்கிழமை காலை பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏங்க, அவன் எப்படி இருந்தான்னு சொல்லுங்க. மூக்கு, நெத்தி, முடி இருந்துச்சா, எல்லாத்தையும் சொல்லுங்க. நான் வரையறேன். தப்பா இருந்தா தப்புன்னு சொல்லுங்க, அழிச்சிட்டுப் போடறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்துக்காக நான் ஒரு வட்டம் போட்டு வைத்தேன்.

"நான் பாக்கலம்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"துணியில சுத்திக் குடுத்தாங்க. பிரிச்சுப் பாக்க தைரியம் வரல. தம்பி கேட்டான், ஒரு வாட்டி பாத்துக்கறியான்னு. வேணாம்னுட்டேன். அப்படியே வச்சிட்டு வந்துட்டோம்." நான் போட்ட வட்டத்தை விரலால் தொட்டு, "நீ என்னைக்காவது கேப்பேன்னு பயந்துட்டே இருந்தேன்" என்றார்.

இத்தனை வருடம் நான் பொறாமைப்பட்டது இந்த மனுஷரைப் பார்த்துத்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமே தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் கையை விடுவித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேர்த்து மடிமேல் ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டார்.

"கனமா இருந்தான்" என்றார். "ஆட்டோல மடியில வச்சிட்டுப் போனேன். நல்ல கனம்."

அதை எப்படி வரைவது என்று எனக்குத் தெரியவில்லை.