இல்லாத கட்டி

என் அக்கா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். இருமல் மாதக்கணக்கில் விடவில்லை என்று கண்டியில் ஒரு தனியார் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நெஞ்சு ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இதயத்துக்கிட்ட நெறிக்கட்டி இருக்கு. கேன்சரா இருக்கலாம். பெரிய டாக்டரக் காட்டுங்க," என்றார். அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட மணியடித்தார்.

பெரிய டாக்டரைப் பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தோம். அதற்குள் அக்கா தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டாள். பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கண்ண மூடிட்டா இவளுக்கு யாரு இருக்கா?" என்று அக்கா அழுதாள்.

"சித்தி, நீங்களாவது சொல்லுங்க," என்று பிள்ளை என் கையைப் பிடித்தாள்.

நான் சொல்லவில்லை. சாகப் போகிறவளோடு எப்படி வாதாடுவது? தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டி முடித்தோம்.

அடுத்த வாரம் பெரிய டாக்டர் எங்களை ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"இதயத்தைச் சுத்தி மெல்லிய கோடு தெரியுதோ? அதுதான் இதய உறை. பெரிய ரத்தக் குழாய்க்குப் பின்னாலை அது மடிஞ்சு போகுது. அந்த மடிப்புக்குள்ளை கொஞ்சம் தண்ணி நிக்கும். பிறை மாதிரிக் குழாயோடை ஒட்டி வளைஞ்சிருக்குது, பாருங்கோ. கட்டியெண்டால் சதை மாதிரி வெளுப்பாத் தெரியும். இது தண்ணிதான், கறுப்பாக் கிடக்கு."

"அப்ப இது என்ன நோய்ங்க?" என்று அக்கா கேட்டாள்.

"நோயே இல்லையம்மா. எனக்கும் இருக்கு, உங்களுக்கும் இருக்கு."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேரே முதல் டாக்டரிடம் போனேன். நான் நீட்டிய படத்தை அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப நல்லதுதானே? சந்தோசப்படுங்க."

"படிச்சிக்கிட்டிருந்த பிள்ளயக் கட்டிக்குடுத்துட்டோம், டாக்டர்."

"நான் கட்டிக்குடுக்கச் சொல்லலயே."

"தெரியாட்டித் தெரியலன்னு சொல்லியிருக்கலாமே! வாய் வலிக்குமா உங்களுக்கு?" என்று கத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு நர்ஸ் வந்து என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டாள்.

அக்காவின் இருமல் சாதாரண மருந்திலேயே நின்றுவிட்டது. பிள்ளை இப்போது குண்டசாலையில், புருஷன் வீட்டில். பரீட்சை எழுத அவர்கள் விடவில்லை. மாப்பிள்ளை நல்லவர்தானே, இன்னும் எதற்கு அந்த டாக்டரைத் திட்டுகிறாய் என்று அக்கா கேட்கிறாள். திட்டத்தான் செய்வேன். ஆனால் பிள்ளை அந்த டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னோடுதான் பேச்சை நிறுத்திவிட்டாள்.