ஏரியில் கொஞ்சம் தண்ணீர்

சித்தூரில் டிராயிங் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஊர்களின் பழைய முகங்களை வரைய ஆரம்பித்தேன். மாங்காய் மண்டி வாசலில் மாட்டுவண்டிகள் நின்ற காலம், இடித்துவிட்ட சினிமாக் கொட்டகை, இப்படி. திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைத்தேன். வந்தவர்கள் பொறுமையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமி படம் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருவர் மட்டும் ஏரிப் படத்தின் முன்னால் நின்றார். நகரிப் பக்கத்துத் தமிழர். இங்கேயே பைபாஸ் ஓரத்தில் லாட்ஜ் வைத்திருப்பதாகச் சொன்னார். படத்தில் தாமரை இலைகளுக்கு நடுவே எருமைகள் முதுகு மட்டும் தெரிய மிதந்தன.

"சால பாகுந்தி, ரொம்ப நல்லாக்குது டீச்சரம்மா. எந்த ஊரு ஏரி?"

"உங்க லாட்ஜ் இருக்கிற எடம்தாங்க. நான் காலேஜ் படிக்கும்போது இப்படித்தான் இருந்தது."

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். சிரித்துக்கொண்டே வாங்கிப்போய் ரிசப்ஷனில் மாட்டினார்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. லாட்ஜுக்குள் முழங்கால் வரை தண்ணீர். வடிந்த மறுநாள் போன் செய்தார்.

"ஜனங்க படத்தப் பாத்துக்கினு, தண்ணியப் பாத்துக்கினு சிரிக்கிறாங்கோ. கொஞ்சம் தண்ணிய கம்மி பண்ணிக் குடும்மா."

"படத்துலயா?"

"பின்ன? கீழ இருந்தத நாங்களே எறச்சிட்டோம்."

சண்டை போடத்தான் பஸ் ஏறினேன். சரித்திரத்தைத் திருத்த முடியாது என்று வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. போனால், மனிதர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு தானே சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ஊர்ல நெலத்த வித்து எங்க நைனா வாங்கின எடம்மா. பட்டா காட்டுனாங்கோ. ஏரின்னு ஒருத்தனும் சொல்லல."

தயாராக இருந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, பையில் எப்போதும் கிடக்கும் வர்ணப் பெட்டியை எடுத்தேன். படத்தை இறக்கி, நீலத்தின் மேல் மண்நிறத்தைப் பூசினேன். பூசிய பிறகுதான் புரிந்தது: தண்ணீர் வற்றினால் எருமைகளுக்குக் கால் வேண்டும். உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கால் வரைந்தேன். ஏரியைத் தூர்ப்பதில் இவ்வளவு வேலை இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் டீயோடு வந்து பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டியவர், சட்டென்று பதறினார்.

"மொத்தமா மூடிடாதம்மா! இந்தப் படத்தப் பாத்துதான் மாடி ரூமுக்கெல்லாம் லேக் வியூன்னு பேரு வெச்சிக்கிறேன்."

ஓரத்தில் ஒரு குட்டை அளவுக்கு விட்டுவைத்தேன்.