பாஸ்கெட்டுக்கு ஒரு டாலர்

1986 ஏப்ரலுக்கு முன்னால் நியூ ஜெர்சியில் எடிசன் ஊர்ப் பக்கத்துத் தமிழர்களிடம் எலிசாவைப் பற்றி விசாரித்திருந்தால், எல்லோரும் 'பாவம்' என்றுதான் பேச்சை ஆரம்பித்திருப்பார்கள். பாவம், சின்ன வயதிலேயே போலியோ. பாவம், சக்கர நாற்காலியிலேயே வேலைக்குப் போகிறாள். அவள் கணவன் சாந்தகுமாருக்கோ தனி மரியாதை. அவன் தெய்வப்பிறவி. இப்படி ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அமெரிக்கா வரைக்கும் கூட்டி வந்து வைத்துக் காப்பாற்றுகிறானே, எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

நடந்தது நேர் எதிர். வேலூரில் முனிசிபல் ஆபீஸ் குமாஸ்தா சுந்தர்சிங்கின் மகளான எலிசா, ஆஸ்பத்திரி லேப் வேலைக்குப் படித்து, தானே அப்ளிகேஷன் போட்டு, தானே விசா வாங்கி, 1976-இல் ஒற்றை ஆளாக நியூ ஜெர்சியில் வந்து இறங்கியவள். பிறகுதான் ஊருக்குப் போய் சாந்தகுமாரைக் கல்யாணம் செய்துகொண்டு, தன் கிரீன் கார்டை வைத்து அவனை வரவழைத்தாள். தெய்வப்பிறவிக்கு ஹைவேயில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவளேதான். சாந்தகுமார் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தான். எவ்வளவு தன்னடக்கம் பார் என்று அவன் பெருமை இன்னும் ஒரு படி ஏறியதுதான் மிச்சம்.

ஊரில் இருந்தவரை அவள் கால்களில் இரும்புப் பட்டை மாட்டி, கட்டைகளை ஊன்றித்தான் நடந்தாள். பஸ் ஸ்டாப் வரை போவதற்குள் வியர்வையில் ரவிக்கை நனைந்துவிடும். அமெரிக்கா வந்த முதல் வருஷமே அந்த இரும்பைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு நாற்காலிக்கு மாறினாள். போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா, பெண் நடை இழந்துவிட்டாளே என்று எட்டுப் பக்கம் அழுது கடிதம் எழுதினாள். நடை என்று அம்மா எதைச் சொன்னாளோ, அதை எலிசா ஒரு நாளும் தேடவில்லை. வழவழப்பான ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு தள்ளு தள்ளினால் கதவு வரைக்கும் பறக்கிற சுகம் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

பந்து அவள் கைக்கு வந்தது 1984-இல். ஆஸ்பத்திரியின் பின்கட்டு ஜிம்மில் வாரம் இரண்டு சாயங்காலம் நாற்காலி பாஸ்கெட்பால் நடக்கும். ஃப்ராங்க் என்பவர் கேப்டன். வியட்நாம் போரில் இரண்டு கால்களையும் விட்டுவிட்டு வந்தவர், வாயை மட்டும் முழுசாகக் கொண்டுவந்திருந்தார். வேடிக்கை பார்க்கப் போன எலிசாவின் மடியில் பந்தைப் போட்டு, எறி என்றார். கூடை இருப்பது பத்தடி உயரத்தில். பந்து பாதி வழியில் விழுந்தது. என் பாட்டி இதைவிட நன்றாக எறிவாள் என்றார் ஃப்ராங்க். அவளைப் பார்த்து ஒரு மனிதர் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மறுநாளும் போனாள். இரண்டு வருஷத்தில் தோள் பலகைபோல் ஆனது. உள்ளங்கை காய்த்தது. டீமில் இருந்த ஒரே பெண்ணும் ஒரே இந்தியரும் அவள்தான்.

86 ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை ஒரு போட்டி ஏற்பாடாகியிருந்தது. மறுவாழ்வு வார்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டு நாற்காலி வாங்கித் தருவதற்காக. எதிர் அணி ஊர்த் தீயணைப்புப் படை வீரர்கள். அவர்களும் இரவல் நாற்காலியில் உட்கார்ந்துதான் ஆட வேண்டும். விதி ஒன்றே ஒன்று: ஆடுகிற ஒவ்வொருவரும் பத்து ஸ்பான்சர்களைப் பிடிக்க வேண்டும். ஸ்பான்சர் என்றால் முன்பணம் கிடையாது. இந்த ஆள் போடுகிற பாஸ்கெட் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு டாலர் தருகிறேன் என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வியாழக்கிழமைக்குள் பத்துக் கையெழுத்து சேராதவர் பெஞ்சில் உட்கார வேண்டும். சும்மா கொடுக்க நினைப்பவருக்கு வாசலில் உண்டியல் இருக்கிறது, தாளில் இருப்பவன் உன் ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டுகிறவன் என்று ஃப்ராங்க் விளக்கினார்.

லேபில் ஒரே வாரத்தில் எட்டுப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் இரண்டு பேர் அங்கேயே கிடைத்திருப்பார்கள். ஆனால் எலிசாவுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. மிச்சம் இரண்டும் தமிழ்க் கையெழுத்தாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். எதற்கு வீண் வம்பு என்று கேட்டான் சாந்தகுமார். பத்து வருஷமாக இவர்கள் வீட்டு வளைகாப்புக்கும் பிறந்த நாளுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன், என்மேல் ஒரு டாலர் பந்தயம் கட்ட இரண்டு பேர் இல்லையென்றால் நான் பெஞ்சிலேயே உட்காருகிறேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

தாளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் காபி கிடைத்தது, முறுக்கு கிடைத்தது, கடைசியில் ஒரு கவரும் கிடைத்தது. உள்ளே ஐம்பத்தொன்று, நூற்றொன்று. நம் ஆட்களுக்குக் கொடுப்பதென்றால் மொய்தான் தெரியும். முழுத் தொகையாகக் கொடுக்க வேண்டும், மேலே ஒன்று வைக்க வேண்டும், முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், அதோடு கடமை முடிந்தது. பாஸ்கெட் போட்டால்தான் காசு என்றதும் முகம் சுண்டிப் போயிற்று. அதென்ன மளிகைக்கடை மாதிரி எண்ணி எண்ணிக் கொடுப்பது? தாளில் ஒரு டாலர் என்று எழுதினால் நாலு பேர் பார்த்து என்ன நினைப்பார்கள்? அதோடு, நீ ஒன்றுகூடப் போடாமல் போய்விட்டால் உனக்குக் கொடுக்காத பாவம் எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு அம்மாள் கண் கலங்கினாள். போட்டி வார்டு பிள்ளைகளுக்காக என்று எத்தனை முறை சொன்னாலும், கவர் அவளுக்காகவே நீண்டது. ஒவ்வொரு கவரையும் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் கிளம்பினாள்.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை தமிழ்ச் சங்கத்தின் புத்தாண்டு விழா. பள்ளிக்கூட ஹாலை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சங்கத் தலைவர் டாக்டர் வாஞ்சிநாதன் நல்ல மனிதர், இதய நிபுணர், மைக் கையில் கிடைத்தால் மட்டும் கொஞ்சம் ஆபத்தானவர். பரதநாட்டியத்துக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் அவர் எழுந்து, நம் சகோதரி எலிசா கை நீட்டி வந்தும் நாம் சும்மா இருக்கலாமா என்று தழுதழுத்த குரலில் ஆரம்பித்தார். சங்கத்தின் சார்பில் ஐந்நூற்றொரு டாலர் கவர் தயாராக இருந்தது. அது தவிர ஒரு தாம்பாளம் வரிசை வரிசையாகப் போக ஆரம்பித்தது. போட்டோவுக்காக அவளை மேடைக்கு அழைத்தார். மேடைக்கு ஐந்து படிகள். நான்கு பேர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியைத் தூக்க வந்தார்கள்.

எலிசா பிரேக்கைப் போட்டாள். மைக்கைக் கீழே கொண்டு வரச் சொன்னாள். டாக்டர் வேறு வழியில்லாமல் இறங்கி வந்து நீட்டினார்.

"டாக்டர் சார், நான் கை நீட்டல. தாள் நீட்டினேன்," என்றாள். "நான் பாஸ்கெட் போட்டா குடுங்க. போடலைன்னா ஒரு பைசா குடுக்காதீங்க. அவ்ளோதான் கேட்டேன். அதைக் குடுக்க இந்த ஹால்ல ஒருத்தருக்கும் மனசு வரல. தாம்பாளத்தை அவங்கவங்க கிட்ட திருப்பிக் குடுத்துருங்க."

தாம்பாளம் வைத்திருந்தவர் நடுவில் நின்றுகொண்டு, எந்த நோட்டு யாருடையது என்று தெரியாமல் விழித்தார். எலிசா நாற்காலியைத் திருப்பி வெளியே வந்து, காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பாயசம்கூட சாப்பிடலையே என்றான் சாந்தகுமார். அதற்கு அவள் சிரித்துவிட்டாள்.

திங்கட்கிழமைக்குள் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. எவ்வளவு திமிர் பாரேன், உதவி செய்ய வந்தவரை நிற்க வைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்றார்கள். யாரோ போனில் சொன்னதை சாந்தகுமார் தயங்கித் தயங்கி அவளிடம் ஒப்பித்தான். எலிசாவுக்கு முகம் மலர்ந்தது. முப்பத்து மூன்று வருஷம் பாவமாக இருந்தவளுக்கு முதல் முறையாகத் திமிர் என்று பெயர் வந்திருக்கிறது, இது பெரிய பிரமோஷன் என்றாள். சொன்னாளே தவிர, தாளில் இன்னும் எட்டுப் பெயர்தான் இருந்தது. செவ்வாய் போயிற்று. ராத்திரியெல்லாம் புரண்டாள். ஆட வேண்டும் என்று அவளுக்கு உடம்பெல்லாம் ஏக்கமாக இருந்தது. லேபில் கேட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கேட்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஜிம் கதவைத் திறந்துகொண்டு விசாலாக்ஷி வந்தாள். டாக்டர் வாஞ்சிநாதனின் மனைவி. பட்டுப் புடவைக்குமேல் குளிர் கோட்டு, முகத்தில் சிரிப்பே இல்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எலிசா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். விசாலாக்ஷியின் பின்னால் அவள் பக்கத்து வீட்டுத் தவமணிதேவி, யாழ்ப்பாணத்துக்காரி, பாங்கில் வேலை பார்ப்பவள், கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றாள்.

விசாலாக்ஷி வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பத்து பால் போடு, பாக்கறேன்," என்றாள்.

எலிசா போட்டாள். ஆறு விழுந்தது. விசாலாக்ஷி ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணினாள். முழங்கை வெளியே போகிறது, இடது பக்கத்திலிருந்து எறியும்போது அவசரப்படுகிறாய் என்று குறை சொன்னாள். இதெல்லாம் மாமிக்கு எப்படித் தெரியும் என்று எலிசா கேட்டதும், கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். திருச்சியில் காலேஜ் டீமில் மூன்று வருஷம் ஆடியிருக்கிறாள். தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு மாவட்டப் போட்டி வரைக்கும் போனவள். பைனலுக்கு முன்னால் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை டாக்டர், பெண் மைதானத்தில் குதிப்பதாவது என்று நிறுத்திவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"பாஸ்கெட்டுக்கு அஞ்சு டாலர்," என்றாள் விசாலாக்ஷி பேனாவைத் திறந்து. "ஆனா நான் வந்து எண்ணுவேன். விழாததுக்குத் தரமாட்டேன். சம்மதமா?"

"சம்மதம் மாமி."

தாளில் டாக்டர் வாஞ்சிநாதன் பெயர் வரவில்லை. விசாலாக்ஷி என்று முழுசாகத் தமிழில் எழுதினாள். தவமணிதேவி அடுத்த கட்டத்தில், ஒரு டாலர் என்று போட்டாள். "எனக்கு இந்த விளையாட்டு ஒண்டும் தெரியாது. அண்டைக்கு நீங்கள் கதைச்சது பிடிச்சது, அவ்வளவுதான்," என்றாள்.

சனிக்கிழமை ஜிம் நிரம்பியிருந்தது. மேல் வரிசையில் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர். தீயணைப்புக்காரர்கள் மலைபோல் இருந்தார்கள், ஆனால் நாற்காலி அவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு தள்ளுக்கு ஒரு முறை பந்தைத் தரையில் தட்டவேண்டும் என்ற விதி அவர்களுக்கு மறந்து மறந்து போயிற்று. முதல் பாதியில் எலிசா நான்கு போட்டாள். மூன்று தவறிற்று.

இரண்டாம் பாதியில் அது நடந்தது. எலிசா கூடையை நோக்கிப் பாய்ந்தபோது, வழியை மறிக்க வேண்டிய செம்பட்டை மீசைக்காரர் வேண்டுமென்றே நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து ஒதுங்கினார். அதைக் கவனிப்பதற்குள் பந்து அவள் கையை விட்டுப் போய்க் கூடையில் விழுந்துவிட்டது. கூட்டம் எழுந்து கைதட்டியது. மீசைக்காரரே முதலில் கைதட்டி, பாசமாகக் கண்ணடித்தார். ஹாலில் தாம்பாளம் வந்தபோது எரிந்தது போலவே அவளுக்குக் காது மடல் எரிந்தது. அவர் பக்கத்தில் போய், இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள் என்றாள் ஆங்கிலத்தில். எப்படி, என்றார் அவர் அப்பாவியாக.

அடுத்த முறை அவளே அவர் முன்னால் போய்க் குறுக்கே நின்றாள். அவர் வேகமாக வந்து மோதினார். சக்கரத்தோடு சக்கரம் சிக்கியது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து நாற்காலியோடு தரையில் விழுந்தாள். ஜிம் முழுவதும் அலறியது. டாக்டர் படிகளில் இறங்கப் பாய்ந்தார். அவர் சட்டையைப் பிடித்து விசாலாக்ஷி உட்கார வைத்தாள். எலிசா தன்னை நாற்காலியில் கட்டியிருந்த இடுப்பு வாரோடு புரண்டு, ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரே உந்தில் நாற்காலியோடு நிமிர்ந்தாள். மீசைக்காரர் இப்போது கண்ணடிக்கவில்லை. மீதி நேரம் முழுக்க அவர் அவளை உயிரைக் கொடுத்து மறித்தார். அவரைத் தாண்டித்தான் அவள் மேலும் இரண்டு போட்டாள். அந்த இரண்டு போதும் என்று அவளுக்கு இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மேஜையில் தாள்கள் வந்தன. நடுவர் எலிசாவின் பெயருக்கு நேரே ஏழு என்று எழுதியிருந்தார். லேப்காரர்கள் ஏழுக்குக் கொடுத்தார்கள். தவமணிதேவியும் ஏழு டாலரை எடுத்து வைத்தாள். விசாலாக்ஷி தன் வரிசையில் ஏழு என்பதை அடித்துவிட்டு ஆறு என்று எழுதி, முப்பது டாலருக்குச் செக் கிழித்தாள்.

டாக்டருக்கு மானம் போயிற்று. ஏழுதானே எழுதியிருக்கிறது, அஞ்சு டாலருக்காகவா, சேர்த்துக் கொடுத்துவிடு என்று காதோரம் கெஞ்சினார்.

"ஆறுதான்," என்றாள் விசாலாக்ஷி, எல்லோருக்கும் கேட்கும்படி. "ஒண்ணு அவ போட்டதில்லே. அவன் விட்டது."

டாக்டர் தர்மசங்கடத்தோடு எலிசாவைப் பார்த்தார். எலிசாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு சட்டைப் பைக்குள் கைவிட்டார். எலிசா அவர் கையைத் தடுத்துவிட்டு, விசாலாக்ஷியிடமிருந்து பேனாவை வாங்கினாள். லேப்காரர்களின் எட்டு வரிசையிலும், தவமணிதேவியின் வரிசையிலும் இருந்த ஏழுகளை ஒவ்வொன்றாக அடித்து ஆறாக்கினாள். பிறகு எல்லோருக்கும் மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.